மதிலும் அடுப்பும்: போர், அயல்நாட்டு உதவி, குடும்ப வறுமை பற்றிய ஒரு திறனாய்வு

இன்னலுற்ற நாட்டிற்குப் பொருளுதவி அனுப்புவது திருச்சபைக்குப் புதிய பணியன்று. யூதேயா நாட்டுச் சகோதரருக்காக அந்தியோகியா சபையார் தத்தம் வசதிக்கேற்பப் பொருள் திரட்டி அனுப்பிய நாள் முதல் (அப். 11:29) இப்பணி திருச்சபையின் இலக்கணங்களுள் ஒன்றாகவே இருந்து வருகிறது. அனுப்புவதா வேண்டாமா என்ற வினா நம்முன் இல்லை. அனுப்பிய பொருள் ஆயுதம் ஏந்திய மனிதர் நடுவே போய் இறங்கும்போது என்ன ஆகிறது என்பதே வினா. இதற்கு விடை தேடிய நூல்களுள் உதவிப் பணியாளரிடையே மிகுந்த செல்வாக்குப் பெற்றது அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மேரி ஆன்டர்சன் 1999இல் வெளியிட்ட நூலாகும். ‘தீங்கு செய்யாதே’ என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். திருச்சபை சார்ந்த உதவி நிறுவனங்கள் பலவும் அந்நூலின் முறையைத் தம் பணியாளருக்குக் கற்பித்து வந்துள்ளன. நம் இறையியற் கல்லூரிகளிலும் சமூகப் பணி பற்றிய வகுப்புகளில் அதன் கருத்துகள், நூலின் பெயர் கூறப்படாமலே, இடம்பெறுவதுண்டு. எனவே அதனை ஆய்ந்து பார்ப்பது பயனுள்ளது.

இக்கட்டுரை அந்நூலை இலங்கைத் தமிழ் மக்களின் பட்டறிவோடு ஒப்பிட்டு நோக்குகிறது. நூல் பெருமளவு மெய் கூறுகிறது என்பதும், ஆயினும் அதன் அளவுகோல் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. போரின் சுமையும் உதவியின் பயனும் இறுதியில் வந்து சேரும் இடம் அடுப்பங்கரை. அங்கே எட்டிப் பாராத எந்த அளவுகோலும் குறையுடையதே.

1. நூல் கூறுவது

போர்க்களத்தில் கொடுக்கப்படும் உதவி ஒருபோதும் நடுநிலையாய் இருப்பதில்லை; அது போரின் ஒரு கூறாகவே மாறிவிடுகிறது என்பது ஆன்டர்சனின் அடிப்படைக் கூற்று. அவ்வாறு மாறுவதற்கு ஐந்து வழிகளை அவர் வகுத்துரைக்கிறார். முதலாவது, உதவிப் பொருள் களவாடப்பட்டுப் படைகளுக்குச் சேர்கிறது. இரண்டாவது, அது சந்தையைப் பாதிக்கிறது. சில விலைகள் ஏறுகின்றன, சில வீழ்கின்றன, போரால் பிழைப்போர் கொழுக்கின்றனர். மூன்றாவது, ஒரு சாராருக்குக் கிடைத்து மறு சாராருக்குக் கிடைக்காதபோது பகை வளர்கிறது. நான்காவது, மக்களுக்குச் சோறிடும் பொறுப்பை வெளியார் ஏற்றுக்கொள்வதால், ஆள்வோரும் போராளிகளும் தம் பணத்தைப் போருக்கே செலவிட முடிகிறது. ஐந்தாவது, எவர் கைவழியாக உதவி செல்கிறதோ அவருக்கு அது அங்கீகாரம் அளித்துவிடுகிறது. இவற்றோடு, உதவி செய்வோரின் நடத்தையே மக்களுக்கு ஓர் அறச்செய்தியைச் சொல்லாமற் சொல்கிறது என்றும் அவர் எச்சரிக்கிறார். அரிசி மூட்டையைக் காக்கத் துப்பாக்கி ஏந்திய காவலரை அமர்த்தினால், யார் உண்பது என்பதைத் துப்பாக்கியே தீர்மானிக்கும் என்று நாமும் ஒப்புக்கொண்டவர்களாகிறோம்.

இத்தகைய தீங்குகளைத் தவிர்க்க, ஒவ்வொரு சமுதாயத்திலும் பிரிப்பவை எவை, இணைப்பவை எவை என்று கண்டறிந்து, இணைப்பவற்றைப் பலப்படுத்தும் வகையில் உதவியை அமைக்க வேண்டும் என்பது ஆன்டர்சனின் பரிந்துரை.

2. நூலின் உண்மை

ஆன்டர்சனின் கூற்றுக்குத் திருச்சபை வரலாற்றிலேயே சான்று உண்டு. 1967 முதல் 1970 வரை நடந்த நைஜீரிய உள்நாட்டுப் போரின்போது, பயாப்ராவில் பட்டினியால் மடிந்த குழந்தைகளுக்காகப் புராட்டஸ்டன்டு, கத்தோலிக்கச் சபைகள் ஒன்றிணைந்து சாவோ தோமே தீவிலிருந்து இரவு நேரங்களில் விமானங்களை அனுப்பின. திருச்சபை ஒருமைப்பாட்டின் வீரச் செயல் என்று அது போற்றப்பட்டது. அதே வேளையில், அவ்வுதவி தோல்வியுறும் போரை நீட்டித்து மேலும் பல உயிர்களைப் பலி கொண்டதோ என்ற கேள்வியும் அன்றே எழுந்தது. இன்றும் அது ஓயவில்லை.

இலங்கையில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது. 1987 ஜூன் 4ஆம் நாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மேல் ஏறத்தாழ 25 டன் உணவும் மருந்தும் வீசின. முற்றுகையில் வாடிய மக்களுக்கு அது ஆறுதலாயிருந்தது மெய். ஆனால் அந்த மூட்டைகள் பசியாற்றியதைவிட அரசியல் உரைத்ததே மிகுதி. அடுத்த மாதம் 29ஆம் நாள் இந்திய இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சில மாதங்களுக்குள் இந்தியப் படையே அங்குப் போரிட நேர்ந்தது.

2003 ஜூன் மாதம் டோக்கியோவில் கூடிய நாடுகள் இலங்கைக்கு 450 கோடி டாலர் உதவி வாக்களித்தன. சமாதானப் பேச்சு முன்னேறும் அளவுக்கே பணம் என்ற நிபந்தனை அதனோடு இணைக்கப்பட்டிருந்தது. அம்மாநாட்டில் விடுதலைப் புலிகள் கலந்துகொள்ளவில்லை. பணம் சமாதானத்தை விலைக்கு வாங்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நிகழ்ந்த பின், நிவாரணத்தைப் பங்கிட இரு தரப்பும் 2005 ஜூன் 24இல் ஓர் ஏற்பாட்டிற்கு வந்தன. அடுத்த மாதமே அதன் முக்கியப் பகுதிகளை அந்நாட்டு உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்தது. கடல் அழித்த வீட்டிற்கு உதவி விரைந்து வந்தது. பத்தாண்டுகளுக்கு முன்பே குண்டு அழித்த வீட்டிற்கு அவ்வாறு வரவில்லை. ஒரே கிராமத்தில் அருகருகே நின்ற இவ்விரு துயரங்களை உதவி வேறு வேறாக எடை போட்டது. பங்கீட்டினால் பகை வளரும் என்ற ஆன்டர்சனின் மூன்றாம் கருத்துக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

அறச்செய்தி பற்றிய எச்சரிக்கையும் அங்கே மெய்யாயிற்று. 2008 செப்டம்பரில், அரசின் உத்தரவுப்படி ஐக்கிய நாடுகள் அமைப்பும் பிற நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகாதீர்கள் என்று மக்கள் வாயிலில் நின்று மன்றாடினர். வாகனங்கள் சென்றன, மக்கள் எஞ்சினர். எவருடைய உயிர் காக்கத்தக்கது என்பதை அந்த நாள் அவர்களுக்குக் கற்பித்தது.

இம்மட்டும் நூல் நமக்கு நல்ல ஆசான். உதவி என்றாலே நன்மை என்று எண்ணும் எளிய பக்தியை அது கலைக்கிறது. அதற்காக நாம் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

3. நூல் காணாதது

நூலின் குறை யாது? அது மக்களைக் குழுக்களாகவே காண்கிறது. இந்தக் குழுவிற்கும் அந்தக் குழுவிற்கும் இடையே உதவி என்ன செய்கிறது என்று அது கேட்கிறது. இவ்வினா முறையானதே. ஆனால் இரு குழுக்களுக்கும் இடையே பகை வளராமலேயே, களவு நேராமலேயே, நிவாரணம் நேர்மையாகப் பங்கிடப்பட்டும், அதைப் பெற்ற குடும்பம் முன்னிலும் ஏழையாகக்கூடும். ஆன்டர்சனின் அளவுகோலில் அத்தகைய திட்டம் தேர்ச்சி பெற்றுவிடும். ஏனெனில் அதனால் போர் வளரவில்லை; வறுமைதான் வளர்ந்தது.

இதனை உணரப் போர் ஒரு குடும்பத்தை எவ்வாறு ஏழையாக்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். நாட்டில் உணவு இருந்தும் அதைப் பெறும் உரிமையும் ஆற்றலும் இல்லாதோரே பட்டினி கிடக்கின்றனர் என்று அமர்த்தியா சென் 1981இல் எழுதினார். போர் அழிப்பது அவ்வாற்றலையே. முதலாவது அது நிலத்தையும் கடலையும் பறிக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்க்கப்பட்ட உழவர்கள், தம் செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட, கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பிறர் காணிகளிலும் முகாம்களிலும் வாழ்ந்தனர். மீன்பிடித் தடையால் கரையோர மக்கள் கடலைப் பார்த்துக்கொண்டே பசித்திருந்தனர்.

இரண்டாவது, போர் அன்றாடச் செலவைப் பெருக்குகிறது. 1990 முதல் வடபகுதிமீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டு, எரிபொருள், பாட்டரி, உரம், சிமெண்டு முதலியன மறுக்கப்பட்டன. மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியும், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிக்க வைத்தும் மக்கள் காலம் கழித்தனர். அதை அவர்களுடைய திறமை என்று நாம் வியக்கிறோம். ஆனால் அவ்விளக்கின் ஒவ்வொரு துளி எண்ணெய்க்கும் அவர்கள் பன்மடங்கு விலை கொடுத்தனர் என்பதை மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது, போர் சேமிப்பை விழுங்குகிறது. தமிழ்க் குடும்பத்தின் வங்கி பெண்ணின் கழுத்தும் கையுமே ஆகும். இடப்பெயர்வு ஒவ்வொன்றும் ஒரு நகையை விற்கச் செய்தது. போதாக்குறைக்கு, விடுதலைப் புலிகளும் குடும்பத்திற்கு இரண்டு பவுன் எனத் தங்கம் திரட்டினர். நான்காவது, போர் உழைக்கும் கைகளையே கொண்டுபோகிறது. வன்னியில் போரின் இறுதி ஆண்டுகளில் வீட்டிற்கு ஒருவர் என்று புலிகள் கட்டாயமாகச் சேர்த்தனர். சிறையிலும் போர்முனையிலும் கடல் கடந்த நாடுகளிலுமாக ஆண்கள் மறைந்துபோக, பல்லாயிரம் வீடுகளில் பெண்ணே தலைவியானாள். காணாமற்போன கணவன் இறந்தானா இருக்கிறானா என்று அறியாதவள் விதவைக்குரிய உதவியும் பெறாள். மணமானவளுக்குரிய துணையும் பெறாள்.

2009 மே மாதம் போர் முடிந்தபோது, ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். நிலமும் நகையும் மாடும் துணையும் இழந்த அவர்கள் பின்னர் ஊர் திரும்பினர். அந்நிலையிலுள்ள குடும்பத்தை நோக்கியே உதவி வந்தது என்பதை நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

4. கட்டிய வீடும் பட்ட கடனும்

போருக்குப் பின் வந்த அயல்நாட்டு உதவிகளுள் பெரியது இந்திய அரசின் வீட்டுத் திட்டம். 2010இல் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தின்படி 50,000 வீடுகள். அவற்றுள் 46,000 வடக்கு கிழக்கு மாகாணங்களுக்கு, எஞ்சியவை மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு. 2012 அக்டோபர் 2ஆம் நாள் அதன் பெரும்பகுதி தொடங்கப்பட்டது. புதிய வீட்டிற்கு 5,50,000 இலங்கை ரூபாய் நன்கொடை. கடன் அன்று, திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. ஒப்பந்தக்காரர் எவருமின்றிப் பயனாளியே தன் வீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். வேலை வளர வளரப் பணம் தவணை தவணையாக அவருடைய வங்கிக் கணக்கிற்கு வரும்.

இத்திட்டத்தைக் குறைகூறுவது எளிதன்று. குறைகூறுவது நம் நோக்கமும் அன்று. தரப்பாள் கூடாரத்தில் மழையையும் பாம்பையும் அஞ்சிக் கிடந்த குடும்பங்களுக்கு அது கூரையும் கௌரவமும் தந்தது. இடைத்தரகர் கைக்குப் பணம் செல்லாததால் களவு குறைந்தது. பயனாளியின் மதிப்பும் காக்கப்பட்டது. ஆன்டர்சன் இதனைப் பாராட்டவே செய்வார்.

ஆயினும், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீட்டுத் திட்டப் பயனாளிகளின் கடனை ஆய்ந்து, கொழும்பிலுள்ள வறுமை ஆய்வு மையம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, வீடு கட்டுவதே குடும்பங்களைக் கடனில் ஆழ்த்திய காரணங்களுள் முதன்மையானது என்று சுட்டிற்று. நன்கொடை எவ்வாறு கடனாயிற்று? ஒரே காலத்தில் பல்லாயிரம் வீடுகள் எழும்பியதால் மணலும் கல்லும் கொத்தனார் கூலியும் விலையேறின. வகுத்த தொகை போதவில்லை. அடுத்த தவணை வேண்டுமானால் இந்தக் கட்ட வேலை முடிய வேண்டும். வேலை முடியப் பணம் வேண்டும். ஆண் துணையுள்ள வீட்டார் மண் சுமந்து, கல் அறுத்துத் தம் உழைப்பால் செலவைக் குறைத்தனர். தனித்த பெண்ணோ ஒவ்வொரு வேலைக்கும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. எவர் மிக ஏழையோ அவருக்கே வீடு மிகுந்த விலைக்கு விழுந்தது. எஞ்சிய தாலிக்கொடி அடகுக் கடைக்குச் சென்றது.

போர் முடிந்ததும் வடக்கே விரைந்து வந்தவை உதவி நிறுவனங்கள் மட்டுமல்ல. நிதிக் கம்பெனிகளும் வந்தன. வாரந்தோறும் வாசலில் வந்து வசூலிக்கும் நுண்கடன் பெண்களைக் குறிவைத்தது. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன், அதை அடைக்க வேறொன்று என அது சுழன்றது. இக்கொடுமை முற்றி, 2018இல் இலங்கை அரசே, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1,00,000 ரூபாய் வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்து, வட்டிக்கு ஆண்டிற்கு 35 விழுக்காடு என உச்சவரம்பும் விதித்தது. 35 விழுக்காடு என்பது குறைக்கப்பட்ட வட்டி என்பதைக் கருதுங்கள். அவ்வாண்டே அங்குச் சென்ற ஐக்கிய நாடுகளின் கடன் பற்றிய வல்லுநர், வசூலிப்போர் பெண்களை மானபங்கத்திற்கும் உட்படுத்துவதாக வந்த முறையீடுகளை வெளிப்படையாகக் கூறினார்.

இங்கே நாம் காண்பது களவு அன்று, பகை அன்று, போரை நீட்டித்தலும் அன்று. விலையேற்றம் பற்றி ஆன்டர்சன் பேசுவது உண்மையே. ஆனால் போரால் எவர் இலாபமடைகிறார் என்பதை அறியவே அவர் சந்தையைப் பார்க்கிறார். எவள் தாலியை அடகு வைத்தாள் என்பதை அறிய அன்று. பிரிப்பவை இணைப்பவை என்ற அட்டவணையில் தாலிக்கொடிக்கு இடமில்லை. வீடு கணக்கில் ஏறிற்று. கடன் எவர் கணக்கிலும் ஏறவில்லை. உதவி செய்தவர் முடித்த வீடுகளை எண்ணி அறிக்கை எழுதினார். பெற்றவள் தவணைகளை எண்ணிக் கொண்டிருந்தாள்.

5. நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரம்

இந்நிலை திருமறைக்குப் புதிதன்று. நெகேமியாவின் நூலை நாம் பெரும்பாலும் கட்டட நிதிக்காகப் பிரசங்கிக்கிறோம். ஆலய விரிவாக்கம், பள்ளிக் கட்டடம், குருமனை எது தொடங்கினாலும் மதிலைக் கட்டிய நெகேமியா மேடைக்கு வந்துவிடுகிறார். மூன்றாம், நான்காம் அதிகாரங்களிலிருந்து ஆறாம் அதிகாரத்துக்குத் தாவி, 52 நாளில் மதில் முடிந்ததை (6:15) அறிவித்து முடிக்கிறோம். இடையில் நிற்கும் ஐந்தாம் அதிகாரத்தைக் கடந்து செல்கிறோம்.

அவ்வதிகாரத்தை நம் பொருளோடு வைத்துப் பாருங்கள். எருசலேம் போரில் இடிந்த நகரம். அதைக் கட்டி எழுப்பப் பாரசீகப் பேரரசன் அர்தசஷ்டா தன் வனத்திலிருந்து மரம் கொடுக்கக் கட்டளையிடுகிறான் (2:8). அதுவே அயல்நாட்டு உதவி. பகைவர் சூழ்ந்திருக்க, மக்கள் ஒரு கையில் ஆயுதமும் மறு கையில் வேலையுமாகக் கட்டுகின்றனர் (4:17). அதுவே ஆயுதமேந்திய நிலை. மதில் எழும்பிக்கொண்டிருக்கையில் ஒரு கூக்குரல் எழுகிறது. கூக்குரலிடுவோர் பகைவரல்லர்; மதில் கட்டுவோரும் அவர்தம் மனைவியருமே (5:1). மனைவியரைத் திருமறை தனித்துக் குறிப்பிடுவதைக் கவனியுங்கள். உணவுக்காக நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம் என்று சிலர் கூறுகின்றனர் (5:3). அரசனின் வரிக்காகக் கடன்பட்டோம் என்று வேறு சிலர் (5:4). எங்கள் புதல்வியர் ஏற்கெனவே அடிமைகளாயினர், மீட்க எங்களிடம் ஒன்றுமில்லை என்று எல்லாரும் (5:5). மரம் கொடுத்த அதே பேரரசனுக்கே வரியும் செலுத்த வேண்டியிருந்தது என்பது இதில் அடங்கியுள்ள கசப்பு.

நெகேமியா செய்தவை மூன்று. முதலாவது, மதில் வேலை அவசரமானது என்று கூறி அக்கூக்குரலை ஒத்திவைக்கவில்லை, பெருஞ்சபையைக் கூட்டினார். இரண்டாவது, குற்றத்தை வெளியார்மேல் சுமத்தவில்லை. கடன் கொடுத்தோர் சொந்தச் சகோதரரே என்று பெரியோரைக் கடிந்து, தாமும் தம் வீட்டாரும் கொடுத்த கடனையும் அதில் சேர்த்துக்கொண்டார் (5:10). நிலமும் வீடும், நூற்றுக்கொன்றாக வாங்கிய வட்டியும் அன்றே திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும் என்றார் (5:11). மூன்றாவது, 12 ஆண்டுகள் தமக்குரிய ஆளுநர் படியை வாங்காமலிருந்தார் (5:14). மீட்புப் பணியின் நிருவாகச் செலவு ஏழையின் முதுகில் ஏறுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நெகேமியாவின் நூல் முழுவதையும் நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது. அயலாரை விலக்கும் பதின்மூன்றாம் அதிகாரம் அதே நூலில்தான் உள்ளது. ஆயினும் ஐந்தாம் அதிகாரம் தரும் அளவுகோல் ஆன்டர்சனின் அளவுகோலைவிட ஆழமானது. மதில் பகைவரிடமிருந்து காக்குமா என்று மட்டும் அது கேட்கவில்லை. மதிலைக் கட்டுவோரின் வீட்டில் அடுப்பு எரிகிறதா, மகள் விடுதலையோடு இருக்கிறாளா என்றும் கேட்கிறது. இவ்வினாவிற்கு விடை இல்லாதவரை, எழும்பிய மதில் தேவனுடைய நகரத்தின் மதில் ஆவதில்லை.

6. நம் மாவட்டத்தில்

இவை கடலுக்கு அப்பால் நிகழ்ந்தவை என்று நாம் அமைதி கொள்ள வழியில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர் குலசேகரத்தைச் சூழ்ந்துள்ள அரசு ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். கீரிப்பாறையிலும் மணலோடையிலும் சிற்றாறு பகுதியிலும் அவர்களுடைய மக்களும் பேரரும் இன்றும் பால் வெட்டுகின்றனர். 1983க்குப் பின் போருக்கு அஞ்சி வந்த ஈழத்தமிழர் பழவிளை, கோழிவிளை, ஞாறான்விளை, பெருமாள்புரம் ஆகிய முகாம்களில் வாழ்கின்றனர். முகாம்களின் பெயர் 2021இல் மறுவாழ்வு முகாம்கள் என மாற்றப்பட்டது. அவ்வாண்டே தமிழக அரசு மாத உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், பிற பெரியோருக்கு 1,000 ரூபாயாகவும் உயர்த்திப் புதிய வீடுகளும் அறிவித்தது. நற்செயலே. எனினும், இந்த மண்ணில் பிறந்து இங்கேயே கல்லூரியில் பயின்ற இளைஞர் பலர் குடியுரிமையின்றி நிற்கின்றனர். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களை உட்படுத்தவில்லை. உரிமையின்றித் தரப்படும் உதவி குடும்பத்தை உயிரோடு வைத்திருக்கும், நிமிரச் செய்யாது.

நம் சபைக் குடும்பங்களையும் நோக்குவோம். மழை தொடர்ந்து பெய்தால் ரப்பரில் பால்வெட்டு நிற்கும். வெட்டு நின்றால் கூலி நிற்கும். குழுக்கடனின் வாரத் தவணை மட்டும் மழைக்கு நிற்பதில்லை. கிளிநொச்சிப் பெண்ணின் வாசலில் நிற்கும் வசூல்காரர் நம் தோட்டப் பாதைகளிலும் அறியப்பட்டவரே.

அயல்நாட்டு உதவி வீட்டிற்குள் விடுதலையாக நுழைந்ததற்கும் நம் மாவட்டமே சான்று. 1820களில் நாகர்கோவிலில் மிஷனெரி மனைவியர் கற்பித்த சரிகைப் பின்னல், அடிமை வீட்டுப் பெண்களின் கையில் கூலியாக மாறிற்று. அக்கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலை கொடுத்துப் பெற்றோர் உண்டு. நூலும் முறையும் அயலிலிருந்து வந்தன. உழைப்பும் வருவாயும் அப்பெண்களுடையவை. அதன் முடிவில் கடன் இல்லை, கட்டு அறுந்தது. உதவியின் அளவன்று, அது வீட்டினுள் எந்த வடிவில் நுழைகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

7. திருச்சபைக்குச் சில கருத்துகள்

ஆன்டர்சனின் நூலைத் தள்ளிவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. அதன் கேள்விகளோடு வேறு மூன்று கேள்விகளையும் நம் சபைகளும் நிறுவனங்களும் கேட்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். இவ்வுதவியைப் பெற ஒரு குடும்பம் தன் கையிலிருந்து எவ்வளவு செலவிட வேண்டும்? ஆண் துணையற்ற வீட்டில் இதே உதவி என்ன விலைக்கு விழும்? திட்டம் முடிந்து ஈராண்டு கழித்து அவ்வீட்டில் கடன் எவ்வளவு? இம்மூன்றும் கேட்கப்படாதவரை, திறப்பு விழாப் பலகையில் சபையின் பெயரைப் பொறிக்காதிருப்பது நலம்.

அடுத்து, நிவாரண நிதி திரட்டும் நம் வழக்கத்தில் கடன் மீட்புக்கும் இடமளிக்க வேண்டும். அடகு வைத்த நகையை மீட்டுக் கொடுப்பதற்குப் புகைப்படம் இல்லை. திறப்பு விழாவும் இல்லை. ஆகவேதான் அதற்கு நன்கொடையாளரும் அரிதாகின்றனர். எலிசாவிடம் முறையிட்ட பெண்ணின் கதையை (2 இராஜா. 4:1-7) நினைவிற்கொள்க. அவள் ஓர் இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்தவரின் மனைவி, அதாவது நம் இனத்தவள். கடன் கொடுத்தவன் அவளுடைய இரு மக்களையும் அடிமை கொள்ள வந்து நின்றான். எலிசா அவளிடம் வீட்டில் இருப்பது என்ன என்று முதலில் கேட்டார். பெருகிய எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்க்கவும், எஞ்சியதில் வாழவும் சொன்னார். கடன் தீர்ந்த பின்னரே வாழ்வு என்ற அந்த வரிசை நம் திட்டங்களில் பெரும்பாலும் தலைகீழாக உள்ளது.

மூன்றாவதாக, கொடுப்பதன் இறையியலை மாணவர் தெளிவாகக் கற்க வேண்டும். எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் திரட்டிய காணிக்கை பற்றிய பகுதியில் (2 கொரி. 8:13-15) அவர் வேண்டுவது சமநிலை. ஒருவருக்கு இளைப்பாறுதலும் மற்றவருக்குப் பாரமும் நேர்வதை அவர் விலக்குகிறார். கொரிந்து சபையைப் பற்றி அவர் கூறிய அவ்வெச்சரிக்கையை நாம் இன்று பெறுவோரின் பக்கம் நின்றும் வாசிக்கலாம். கொடுப்பவருக்கு மன இளைப்பாறுதலும் பெறுபவருக்குக் கடன் பாரமும் விளையுமானால், அது பவுல் கருதிய காணிக்கை அன்று.

2022 மார்ச் மாதம் முதல் தனுஷ்கோடிக் கரையில் மீண்டும் குடும்பங்கள் வந்து இறங்கின. அப்போது குண்டு விழவில்லை. நாடு கடன் கட்ட இயலாமல் நின்றது. அரிசியும் பால்மாவும் வாங்க இயலாமல் மக்கள் கடல் கடந்தனர். போர் முடிந்து 13 ஆண்டுகளாகியும், இத்தனை உதவி சென்றும், கைக்குழந்தையோடு படகேறும் நிலை ஏன் நேர்ந்தது என்பதற்கு முழு விடை கூற இக்கட்டுரை முற்படவில்லை. விடையின் ஒரு பகுதி அவ்வீடுகளின் கடன் சீட்டுகளில் எழுதப்பட்டுள்ளது. ஊழியத்திற்குச் செல்லும் நம் மாணவர் அச்சீட்டுகளை வாசிக்கக் கற்றவராகச் செல்லட்டும்.